கறுப்பாக இருப்பதெல்லாம் பிளாக்பெர்ரியா? மலையோர முள்ளுப்பழத்தை அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சாலை வளைவு. டீ குடிக்க வண்டியை நிறுத்திய குடும்பத்திலிருந்து ஏழு வயதுச் சிறுமி புதர்ப் பக்கம் ஓடுகிறாள்.

"அம்மா, இங்க பாரு, பிளாக்பெர்ரி!"

அவள் கையில் கறுப்பு மணிகள் சேர்ந்த சின்னக் கொத்து. அது வாயருகே போய்விட்டது. கொழுந்துக் கூடையோடு மேலேறி வந்த பெண்மணி ஒருவர் சட்டென்று அதைத் தட்டிவிடுகிறார்.

"வேணாம் கண்ணு, அது உண்ணிப்பழம். முள்ளுப்பழம் அந்தப் பக்கம் இருக்கு, வா காட்டறேன்."

கோடை விடுமுறையில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு நிமிடம் வரத்தான் செய்யும். கார்ட்டூனிலும் கேக்கின் மேலும் பிளாக்பெர்ரியைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், புதரில் கறுப்பாகக் கொத்தாக எதைப் பார்த்தாலும் அதுதான் இது என்று நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கும் குழப்பம்தான். ஆங்கிலப் பத்திரிகைகள் சில நேரம் நம் நாவல் பழத்தையே 'இந்தியன் பிளாக்பெர்ரி' என்று எழுதுகின்றன. வீட்டுத் தோட்டத்தில் காய்க்கும் மல்பெரியைச் சிலர் பிளாக்பெர்ரி என்கிறார்கள். போதாததற்கு, சாலையோரத்தில் உண்ணிச்செடி வேறு.

உண்மையான காட்டு பிளாக்பெர்ரி நம் மலைகளில் இருக்கிறதா? இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் வளர்க்க முடியுமா?

ரோஜாவின் உறவுக்காரர்

பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி இரண்டும் 'ரூபஸ்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குடும்பம் ரோஜாவினுடையது. ஆப்பிள், பிளம்ஸ், ஸ்ட்ராபெர்ரி எல்லாமே இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். முள், ஐந்து இதழ்ப் பூ, நடுவே கற்றையாக மகரந்தத் தாள்கள் என்று காட்டு ரோஜாவின் சாயல் ரூபஸில் அப்படியே தெரியும்.

ரூபஸ் பழம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு பூவின் நடுவில் பல சூலகங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி மணியாகி, ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை வைத்து, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பழமாகின்றன. இது நம் சீத்தாப்பழத்தின் கதை. சீத்தாவும் ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து உருவாகும் பழம்தான்.

மல்பெரி அப்படியல்ல. அதன் ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பூவிலிருந்து வந்தது. ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து ஒரு பழமாகிறது. இது பலாப்பழத்தின் கதை. ஆகவே பிளாக்பெர்ரியைச் சீத்தா வகை என்றும், மல்பெரியைப் பலா வகை என்றும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புதான், ஆனால் ராஸ்பெர்ரி!

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் ரூபஸ் இனங்கள் பல இயற்கையாகவே வளர்கின்றன. அவற்றில் கறுப்பாகப் பழுக்கும், பெரும்பாலானவர்கள் 'காட்டு பிளாக்பெர்ரி' என்று சொல்லும் இனம் ரூபஸ் நிவியஸ். ஆங்கிலத்தில் இதற்கு 'மைசூர் ராஸ்பெர்ரி' என்றும், 'சிலோன் ராஸ்பெர்ரி' என்றும் பெயர். இலங்கையின் மலைநாட்டிலும் இமயமலைச் சரிவுகளிலும் இது வளர்கிறது.

கறுப்பாக இருக்கும் பழத்துக்கு ஏன் ராஸ்பெர்ரி என்று பெயர்? நிறத்தை வைத்துச் சொன்னதல்ல. பழத்தைப் பறிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை வைத்துச் சொன்னது.

பிளாக்பெர்ரியைப் பறித்தால், நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டும் பழத்தோடு சேர்ந்து வந்துவிடும். பழத்தின் உள்ளே குழி இருக்காது. ராஸ்பெர்ரியைப் பறித்தால், அந்தத் தண்டு செடியிலேயே தங்கிவிடும். கையில் வருவது உள்ளே குழியுள்ள, கிண்ணம் போன்ற பழம். ரூபஸ் நிவியஸ் இந்த இரண்டாவது வகை. ஆகவே நம் மலைகளின் 'காட்டு பிளாக்பெர்ரி' உண்மையில் கறுப்பு நிற ராஸ்பெர்ரி.

நான்கு அடையாளங்கள்

பழத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதால்தான் தவறு நேர்கிறது. தண்டு, இலை, பூ, பழம் என்று நான்கையும் பாருங்கள்.

தண்டு: ரூபஸ் நிவியஸின் தண்டுகள் நீளமாக வளர்ந்து வில்போல வளையும். இளந்தண்டின் மேல் திருநீறு பூசியதுபோல வெண்மை படிந்திருக்கும். கொக்கி போல வளைந்த முட்கள் உண்டு. துணியில் மாட்டினால் எளிதில் விடாது.

இலை: ஒரே காம்பில் இருபுறமும் சிற்றிலைகள், நுனியில் ஒன்று. மொத்தம் ஐந்து முதல் ஒன்பது வரை இருக்கும். ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளை வெளேரென்று இருக்கும். 'நிவியஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பனி போல வெண்மையானது என்றுதான் பொருள்.

பூ: சிறியது. இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு. ஐந்து இதழ்கள்.

பழம்: முதலில் பச்சை, பிறகு சிவப்பு, முழுதாகப் பழுத்ததும் கருநீலம் கலந்த கறுப்பு. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். மேலே மெல்லிய சாம்பல் நிறப் பூனைமயிர் போன்ற படலம் இருக்கும். பழுத்தது லேசாகத் தொட்டாலே கையோடு வரும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை.

இதன் பக்கத்திலேயே மஞ்சள் நிறப் பழத்தோடு இன்னொரு செடியைப் பார்க்கலாம். அது ரூபஸ் எலிப்டிகஸ். மூன்று சிற்றிலைகள், வெள்ளைப் பூ, தண்டு முழுவதும் செம்பழுப்பு நிற மயிர்கள் என்று இதன் அடையாளம் இன்னும் எளிது. குமாவூன் மலைப் பகுதியில் 'ஹிசாலு' என்றும் நேபாளத்தில் 'ஐசேலு' என்றும் மக்கள் இதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். சிற்றிலைகளாகப் பிரியாமல், மடல்களுள்ள ஒற்றை இலையோடு ஏறிப் படரும் ரூபஸ் இனங்களும் சோலைக் காடுகளின் ஓரங்களில் உண்டு.

உண்ணிப்பழத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. லண்டானா எனப்படும் உண்ணிச்செடியின் பழங்களும் கறுப்பாக, கொத்தாக, தூரத்தில் பார்த்தால் பிளாக்பெர்ரி போலவே இருக்கும். இதன் பழுக்காத காய்கள் நஞ்சு. இலையைத் தின்ற கால்நடைகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். பழுத்த பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் சாப்பிடுவது உண்டு. ஆனால் ஒரே கொத்தில் பச்சைக் காயும் கறுப்புப் பழமும் கலந்தே இருக்கும் என்பதால், அந்தப் பழக்கத்தை நம்பி நம் பிள்ளைகளை விட முடியாது.

வேறுபாடுகள் தெளிவானவை. உண்ணிச்செடியின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியாக உதிரும். தோல் வழுவழுப்பாகப் பளபளக்கும். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு மூலை தட்டுப்படும். இலை ஒற்றை இலை, சொரசொரப்பானது, கசக்கினால் நெடி அடிக்கும். பூக்கள் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று ஒரே கொத்தில் பல நிறமாக இருக்கும்.

மணிகள் சேர்ந்தே வந்தால் முள்ளுப்பழம், தனித்தனியாக உதிர்ந்தால் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதற்கும் மேலான விதி, பெரியவர்களிடம் காட்டாமல் புதரில் இருக்கும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாயைக் கழுவிவிட்டு, அந்தச் செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதே சரி. வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயற்சிக்க வேண்டாம்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது?

அடையாளம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கண்ட இடத்தில் பறித்துவிட முடியாது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு ஆகியவற்றில் அனுமதியின்றி நுழைவதும், செடியையோ பழத்தையோ எடுப்பதும் சட்டப்படி குற்றம். அந்தப் பழங்களை நம்பிப் பறவைகளும் விலங்குகளும் இருக்கின்றன.

தேயிலைத் தோட்ட ஓரங்களில் வேறொரு ஆபத்து. பழம் நல்லதாக இருக்கும், ஆனால் பக்கத்து வரிசையில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருப்பார்கள். தோட்டத்துக்காரரையோ அங்கே வேலை செய்பவர்களையோ கேட்காமல் பறிக்க வேண்டாம். வாகனப் புகையும் தூசியும் படியும் சாலை ஓரத்துப் பழமும் வேண்டாம்.

ஆகவே ஆசைப்பட்டவர்களுக்கு நல்ல வழி, வீட்டிலேயே வளர்ப்பது.

வளர்ப்பது யாருக்குச் சாத்தியம்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100, குன்னூர் 1,850, ஏற்காடு 1,500. இந்த உயரங்களில் வீடு இருப்பவர்களுக்கு ரூபஸ் நிவியஸ் நன்றாக வரும்.

சென்னை, மதுரை, திருச்சியில் இருப்பவர்களின் ஆசை வேறு. வெளிநாட்டு பிளாக்பெர்ரி ரகங்கள் பூப்பதற்குக் குளிர்காலம் வேண்டும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் கிடைத்தால்தான் பல ரகங்களில் மொட்டு விழிக்கும். நம் சமவெளியில் அது நடக்காது. செடி பிழைத்தாலும் இலை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். சமவெளிக்காரர்களுக்கு மல்பெரிதான் சரியான தேர்வு. ஒரு குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும், பெரிய தொட்டியில்கூடக் காய்க்கும்.

நாற்று வாங்கும்போது பெயர்ப் பலகையை நம்பாமல் செடியைப் பாருங்கள். ஒற்றை இலை, கிள்ளினால் பால் வருகிறது என்றால் அது மல்பெரி. முள் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். முள்ளில்லாத பிளாக்பெர்ரி ரகங்களும் உலகில் உண்டு.

நுனியை மண்ணில் புதைத்தால் நாற்று

முள்ளுப்பழத்தைப் பெருக்க எளிய வழியைச் செடியே காட்டிக்கொடுக்கிறது. வளைந்த தண்டின் நுனி தரையைத் தொடும் இடத்தில் தானாகவே வேர் விடும். இதையே நாமும் செய்யலாம். தெரிந்தவர்கள் தோட்டத்தில் செடி இருந்தால், அனுமதி கேட்டு, ஒரு நீளத் தண்டின் நுனியை வளைத்து, ஒரு தொட்டி மண்ணில் நான்கு விரல் ஆழம் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு மாதங்களில் வேர் பிடித்துப் புதுத் தளிர் எழும். பிறகு தாய்த்தண்டிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம். விதையிலும் வரும், ஆனால் முளைக்க மெதுவாகும்.

மண்: தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும். லேசான அமிலத்தன்மை பிடிக்கும். 5.5 முதல் 6.5 வரையிலான கார அமில அளவு ஏற்றது. பழைய தேயிலை நிலத்தில் அமிலம் இதைவிட அதிகமாக இருக்கலாம். மண் பரிசோதனை செய்துகொண்டு, தேவைப்பட்டால் விவசாயச் சுண்ணாம்பு சேர்க்கலாம். குழியில் மக்கிய தொழு உரம் போடுங்கள்.

இடைவெளி: செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். நெருக்கி நட்டால் பிறகு உள்ளே கைவிட முடியாது.

தாங்கு: இரண்டு கம்பங்கள் நட்டு, இடுப்பு உயரத்தில் ஒன்றும் தோள் உயரத்தில் ஒன்றுமாகக் கம்பி இழுத்து, தண்டுகளை அதில் கட்டிவிடுங்கள். பழம் பறிக்க வசதி. முக்கியமாக, நுனி தரையைத் தொடாது. தொட்டால் அங்கே ஒரு புதுச் செடி என்பதை மறக்க வேண்டாம்.

மூடாக்கு: வேர்கள் மேலோட்டமானவை. காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடிவைத்தால் ஈரம் காக்கும், களை குறையும். ஊட்டி போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் தளிர்கள் கருகலாம். அப்போதும் மூடாக்கு வேரைக் காப்பாற்றும்.

கவாத்து: இதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தச் செடியின் வேர் பல ஆண்டு வாழும். தண்டுக்கு ஆயுள் குறைவு. பொதுவாக ஒரு தண்டு முதல் ஆண்டில் வளரும், அடுத்த ஆண்டில் பூத்துக் காய்த்துக் காய்ந்துபோகும். காய்த்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட வேண்டும். அடியிலிருந்து வரும் புதுத் தண்டுகளில் வலுவான நான்கைந்தை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிட்டு, 'இந்த வருஷம் ஏன் காய்க்கவில்லை' என்று கேட்பவர்கள், அடுத்த பருவம் காய்க்க வேண்டிய தண்டுகளையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள்.

காற்றோட்டம் இல்லாத புதரில், மூடுபனிக் காலத்தில் பழங்களின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். கவாத்து சரியாக இருந்தாலே இது பெருமளவு குறையும். பூஞ்சணம் பிடித்த பழங்களை உடனே அப்புறப்படுத்துங்கள். கைக்குத் தடித்த தோல் கையுறை அவசியம்.

வேலியைத் தாண்டினால் வில்லன்

இந்தச் செடியை வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு முகமும் உண்டு.

பழத்துக்காக ரூபஸ் நிவியஸை கலாபகஸ் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று அந்தத் தீவுகளின் ஈரமான மேட்டு நிலங்களில், வேறெங்கும் இல்லாத மரங்கள் நிற்கும் காட்டுக்குள், ஆள் நுழைய முடியாத முட்புதராக அது மண்டிக் கிடக்கிறது. வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது. மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உறங்கி முளைக்கின்றன. மஞ்சள் பழத்து ரூபஸ் எலிப்டிகஸும் ஹவாய் தீவுகளில் இதே வேலையைச் செய்திருக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.

நம் ஊர் பெயரைச் சுமந்துகொண்டு போன கதையும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் புகழ்பெற்ற தாவர வல்லுநர் லூதர் பர்பேங்க், இந்தியாவிலிருந்து வந்த பிளாக்பெர்ரி விதைகளை வளர்த்து, 'ஹிமாலயா ஜெயன்ட்' என்று பெயரிட்டு விற்றார். பரமஹம்ச யோகானந்தர் தன் சுயசரிதையைச் சமர்ப்பணம் செய்தது இவருக்குத்தான். அந்தப் பிளாக்பெர்ரிக்கும் இமயமலைக்கும் சம்பந்தமில்லை, அது ஆர்மீனியா, வட ஈரான் பக்கத்துச் செடி என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிகளில் சாலையோரம், ஆற்றங்கரை எங்கும் அதன் முட்புதர்தான். ஆனாலும் மக்கள் அதை 'ஹிமாலயன் பிளாக்பெர்ரி' என்றே அழைக்கிறார்கள்.

நீலகிரிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை மரமும், அழகுக்கு வைத்த மஞ்சள் பூ முட்செடிகளும் புல்வெளிகளை விழுங்கியதை அந்த மலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே மூன்று கட்டுப்பாடுகள் அவசியம். ஒன்று, அந்தந்த மலையில் இயற்கையாக வளரும் இனத்தை மட்டுமே நடுங்கள். இரண்டு, வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலமாகவோ தபாலிலோ விதையை வரவழைக்க வேண்டாம். தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி, இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை, செடிகளைக் கொண்டுவரக் கூடாது. மூன்று, காட்டையும் ஓடையையும் ஒட்டிய எல்லையில் நடாமல், வீட்டருகே நட்டு, பழுத்ததை அன்றன்றே பறித்துவிடுங்கள்.

பறித்த பிறகு

இந்தப் பழம் கடைக்கு வராததற்குக் காரணம் அதன் மென்மை. பறித்த சில மணி நேரத்தில் கசியத் தொடங்கும். அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, கழுவாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சாப்பிடும் முன் மட்டும் கழுவுங்கள்.

அதிகம் கிடைத்தால் ஜாம் செய்யலாம். அரை கிலோ பழத்துக்கு 350 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு. பழத்தை அடி கனமான பாத்திரத்தில் மசித்து, மிதமான தீயில் கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்துக் கிளறுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். இறக்கும் முன் எலுமிச்சைச் சாறு சேர்த்து ஒரு கொதி விடுங்கள். விதை பல்லில் மாட்டுவது பிடிக்காதவர்கள், சர்க்கரை சேர்ப்பதற்கு முன் மசித்ததை வடிகட்டிக்கொள்ளலாம்.

விரல் நுனியில் தொப்பி

கோத்தகிரி வளைவில், அந்தப் பெண்மணி சிறுமியை எதிர்ப்பக்கப் புதருக்கு அழைத்துப் போகிறார். இலையைத் திருப்பி அடிப்புற வெண்மையைக் காட்டுகிறார். "இந்தப் பக்கம் மருந்து அடிக்கல, பயப்படாதீங்கம்மா" என்று தாயிடம் சொல்லிவிட்டு, முள்ளில் படாமல் ஒரு பழத்தைத் தொட்டு எடுக்கிறார். வெள்ளைக் காம்பு செடியிலேயே நின்றுவிட, குழியுள்ள கறுப்புப் பழம் கையில் வருகிறது. அதைச் சிறுமியின் சுண்டு விரல் நுனியில் தொப்பி போல மாட்டிவிடுகிறார்.

"இப்படி மாட்டினா முள்ளுப்பழம். மாட்டலைன்னா தொடாத. சரியா கண்ணு?"

சிறுமி தலையாட்டிவிட்டு, விரலை வாய்க்குள் வைத்துக்கொள்கிறாள்.